கால் குளிர்கிறது

காரா-பால்தாவைத் தாண்டியதுமே புருல்சா சொன்னாள்,
கால் குளிர்கிறதென்று.
ஹீட்டரைக் கூட்டினேன்.
பத்து நிமிடம் கழித்து மறுபடி சொன்னாள்.
சாக்ஸ் போடு என்றேன்
ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரேடியேட்டர் புதுசு.
'கடவுள் கொடுத்தான்' என்று பெயர் வைத்த சந்தையில்
நானே பேரம் பேசி, நானே தூக்கி வந்து,
சனிக்கிழமை முழுக்க மல்லாந்து படுத்து
நானே மாட்டியது.
பழையதை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன்
வேட்டையாடிய ஓநாயின் தோல் மாதிரி,
வருகிறவர் போகிறவர் பார்க்கட்டுமென்று.

ஆகவே முள் சிவப்பைத் தொட்டபோது
முள்தான் பொய் சொல்கிறது என்றேன்.
கணவாயின் கடைசிக் கொண்டை ஊசியில்
பானெட்டின் இரண்டு ஓரங்களிலும்
வெள்ளையாக எழுந்தது நிஜம்.

மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம்.
இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.
மச்சான் தொலோகோன் அதைவிடச் சீக்கிரம்.
"பழையது ஒழுகிக்கொண்டே ஒழுங்காக ஓடியதே!"
மேற்கொண்டு திட்டவும் மூச்சு வேண்டுமே,
பாதியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று முறை நிறுத்தி ஆறவைத்து
சூசாமிர் சமவெளிக்கு இறங்கினோம்.
குமிஸ் விற்கும் உமுத்தின் கூடாரத்தில்
ஆளுக்கொரு வைத்தியம்.
லாரிக்காரர் ஒருவர், "ஹெட் கேஸ்கெட்" என்றார்
துக்கம் விசாரிக்கும் குரலில்.
ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கறுப்பு;
பால் கலந்த நிறம் இல்லை.
ஃபேன் சுற்றுகிறது. பெல்ட் இறுக்கம்.
அப்படியானால் தெர்மோஸ்டாட்தான் திருடன்.
கழற்றி உமுத்தின் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டோம்.
குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தது.
சிறுவன் அக்தான் கைதட்டினான்.
எனக்கோ, பிடித்து வைத்த ஒரே ஆளும் நிரபராதி.
கெட்டிலின் விலையை உமுத் வாங்கிக்கொண்டாள்.

திரும்ப மாட்டி, ஊற்றி, ஓட்டிப் பார்த்தோம்.
ஒரு மைல்கல் தாண்டவில்லை, முள் கிளம்பிவிட்டது.
மேல் குழாய் தொட்டால் தோல் போகும்.
கீழ்க் குழாய் ஓடைக்கல்.
யாரும் பேசவில்லை.
புருல்சாதான் மெதுவாக, மூன்றாம் முறை:
"கால் குளிர்கிறது."

குனிந்து அவள் பாதத்தருகே கையை வைத்தேன்.
முன்னால் இன்ஜின் வேகிறது,
ஹீட்டர் பனி ஊதுகிறது.
சுடுதண்ணீர் இங்கே வரவேயில்லை.
வரவிடாமல் வழியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

காற்று.
சனிக்கிழமை இருட்டுவதற்குள் முடிக்கவேண்டுமென்று
நான் மடமடவென ஊற்றியபோது மாட்டிக்கொண்ட
ஒரு கைப்பிடிக் காற்று.
பிஷ்கெக்கில் என் முற்றத்துக் காற்று
மூச்சுக்கு நாங்கள் திணறிய கணவாயெல்லாம் கடந்து
டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.

ஆறவைத்தோம். வண்டியின் மூக்கு
வானம் பார்க்கப் புல்மேட்டில் ஏற்றினோம்.
துணி போட்டு மூடியைத் திறந்து,
ஹீட்டரை முழுக்கத் திருகி, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு
குழாயைப் பிசைந்தேன், மாட்டுக்கன்றின் தொண்டையைப் பிசைவதுபோல.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரு ஏப்பம்.
இன்னொன்று. பிறகு நீளமாக, வெட்கமில்லாமல் ஒன்று.
நீர்மட்டம் பொத்தென்று இறங்கியது.
அக்தான் ஓடையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினான்,
இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தது.

"இவ்வளவுதானா?" என்றார் தொலோகோன்,
திட்டுவதற்கு இன்னும் மிச்சம் வைத்திருந்தவர்.

தொக்தோகுல் இறக்கத்தில் முள் நடுவிலேயே நின்றது.
புருல்சா செருப்பைக் கழற்றிவிட்டு
விரல்களை நீட்டிக்கொண்டாள்.
நீ முதலிலேயே சொன்னாய் என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"இப்போது சுடுகிறதா?" என்று வந்தது.
"ரொம்ப. கொஞ்சம் குறை."

கை நீட்டித் திருகினேன்
முள்ளைப் பார்த்துக்கொண்டே.